டோக்கன் அறுபத்தொன்று

வேலூர் பெரிய ஆஸ்பத்திரி, எலும்புப் பிரிவு.
சுவரில் சிவப்பு எண் முப்பத்தெட்டிலேயே நிற்கிறது.
என் கையில் அறுபத்தொன்று.
ஒரு வருஷம் உலகத்திலேயே நான் அறுபத்தொன்றுதான்,
நூற்று இருபத்தாறு படகுகளில்.
அந்தத் தாளும் இவ்வளவு மெல்லியதுதான்.

சீட்டு எழுதும் பையன் கேட்டான்: தொழில்?
பாய்மரப் படகு.
மீனவரா?
இல்லை, பந்தயம்.
நேவியா?
தரைப்படை.
ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான்,
பிறகு ‘டிரைவர்’ என்று எழுதிக்கொண்டான்.
பின்னால் பதினைந்து பேர். விட்டுவிட்டேன்.

ராணிப்பேட்டைக்காரனுக்குக் காற்றைக் கற்றுத்தர வேண்டியதில்லை.
எந்த ஷெட் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் போதும்.
நேராக வந்தால் சுண்ணாம்புத் தொட்டி,
கொஞ்சம் சாய்ந்தால் ஊறிய தோல்,
எதுவுமே நாறாவிட்டால்
பாலாற்று மணலைத் தாண்டி வருகிறது.
தெருவில் மூக்கைப் பொத்தாத பிள்ளை நான் ஒருத்தன்.

பதினாலு வயதில் பட்டாளத்தின் விளையாட்டுப் பள்ளிக்கு எடுத்தார்கள்.
அதுவரை நான் பார்த்த பெரிய தண்ணீர்
பாலத்தடியில் ஒரு நவம்பரில் மூன்று நாள் ஓடியது.
செகந்திராபாத் ஏரியில் முதல் வாரம் முழுக்கக் கவிழ்ந்தேன்.
பதினாலடிப் படகு, ஒரு பாய், ஒரு ஆள்.
பாதத்தை வாரில் மாட்டி
முழங்கால் விளிம்பில் மடங்க
மற்றதெல்லாம் தண்ணீருக்கு மேலே, வெளியே.
பதினெட்டு வருஷ சர்வீஸில்
படகுக்குள் உட்கார்ந்ததைவிட
வெளியே தொங்கியதுதான் அதிகம்.

அம்மா ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்தாள்.
அங்கே எண்ணிக்கை ஏறினால்தான் போனஸ்.
எங்களுக்கு முதலிடம் ஒரு புள்ளி, பத்தாமிடம் பத்து,
குறைவாக வைத்திருப்பவன் ஜெயிப்பான்,
மிக மோசமான பந்தயத்தைக் கணக்கில் தள்ளிவிடுவார்கள்
என்று போனில் விளக்கினேன்.
“மோசமானத அவங்களே தள்ளிடுவாங்களா?”
கொஞ்ச நேரம் மிஷின் சத்தம் மட்டும்.
“நல்ல ஆட்டமா இருக்கேடா எபி.”

மஸ்கட்டில் கடைசிப் பந்தயம், கடைசிச் சுற்று.
மிதவையைத் தோள் உரசியது.
ஆரஞ்சு நிற ரப்பர், சூடாக இருந்தது.
நடுவர் படகு தூரத்தில், வேறு யாரையோ பார்த்துக்கொண்டு.
தொட்டால் ஒரு முழு வட்டம் சுற்றியாக வேண்டும்.
சுற்றினேன்.
நேர்மை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.
கை பழக்கத்தில் திருப்பிவிட்டது,
பாதி வட்டத்தில்தான் மனசு ‘ஏண்டா’ என்றது.
பாதி வட்டத்தில் நிற்க முடியாது, கவிழ்ந்துவிடும்.
நான்கு படகுகள் தாண்டின.
ஒலிம்பிக் சீட்டு இரண்டு புள்ளியில் போனது,
ஒரு தாய்லாந்துப் பையனுக்கு.
இரவு அவன் எனக்கு ஐஸ் போட்ட எலுமிச்சை ஜூஸ் வாங்கிக்கொடுத்தான்.
அவனுக்கு எதுவும் தெரியாது.
அந்த ஒன்றைத் தள்ளிக்கொள்ள விதி இடம் தரவில்லை.
அதைவிட மோசமானது ஏற்கெனவே ஒன்று இருந்தது.

நாற்பத்தேழு.
பக்கத்து நாற்காலியில் பர்த்வான் அம்மாள்,
கடுகெண்ணெய் பிசறிய பொரியை நீட்டுகிறாள்.
முட்டிக்கு என்ன என்று இந்தியில் கேட்டாள்.
காற்று, என்றேன்.
“எனக்கும் வாயுதான்,” என்று தலையாட்டினாள்,
“பூண்டு சாப்பிடு.”

ஐம்பத்தொன்பது.
ஜன்னல் வழியாகக் கோட்டைப் பக்கம் பார்க்கிறேன்.
தூசி ஒரு திக்கில் ஓடிக்கொண்டிருந்தது, நின்றது.
டீக்கடைப் பிளாஸ்டிக் விரிப்பு
மறுபக்கமாக ஒருமுறை உப்பி அடங்குகிறது.
பத்து டிகிரி. இல்லை, பதினைந்து.
கழுத்தின் இடது பக்கம் குளிர்ந்தது.
நான் எழுந்து, முட்டி சொடுக்க,
ஜன்னல் விளிம்பில் அந்த அம்மாள் வைத்திருந்த
எக்ஸ்ரே உறையை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.
எதற்கு என்பதுபோல் பார்த்தாள்.
வெளியே நல்ல வெயில்.

மழை வந்ததா என்று தெரியாது.
என் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.